நடுத்தட்டும் அரைக்கிலோ பால்கோவாவும்

இந்த வருஷம் முடிவதற்குள் நடுத்தட்டைப் பிடிக்காவிட்டால் மீசையை எடுத்துவிடுவதாகப் பென்சன் சபதம் செய்தான். பதினோரு வருஷமாகச் செய்கிற சபதம்தான். மீசை பத்திரமாக இருந்தது. தட்டுதான் கிடைக்கவில்லை.

முந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஜெர்மனியில் கோயில் ஆர்கன் வாசித்த பாக் என்ற மனுஷன், ஒற்றை வயலினுக்கு எழுதிய இசை அது. கிராமபோன் காலத்து அரக்கு இசைத்தட்டுகள், மொத்தம் மூன்று. ஸ்ரீவில்லிபுத்தூர் செல்லத்தாய் டீச்சர் வீட்டைக் காலி செய்து மகளோடு கோயம்புத்தூர் போனபோது பென்சன் வாங்கி வந்தான். பிரித்துப் பார்த்தால் ஒன்றும் மூன்றும்தான் இருந்தன.

ராஜபாளையம் மில்லில் நைட் ஷிப்ட் முடிந்து வந்ததும் முதல் தட்டை வைப்பான். அழுகை முட்டுகிற இடத்தில் அது முடிந்துவிடும். மூன்றாவதை வைத்தால், யாரோ ஏற்கெனவே ஆறுதல் சொல்லி முடித்திருப்பார்கள். அந்த ஆறுதல் நடுத்தட்டில் இருந்தது.

மனைவி செலினாவுக்குத் தெரிந்தால் வசவு விழும். அதனால் ஒரு தந்திரம். சனிக்கிழமைதோறும், "ஒனக்குப் பால்கோவா வாங்கிட்டு வாரேன்" என்று ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறுவான். பழைய சாமான் கடைகளையெல்லாம் குடைந்துவிட்டு, சாட்சிக்கு அரைக்கிலோவோடு திரும்புவான்.

"எம்மேல எம்புட்டுப் பிரியம் ஒங்களுக்கு!" என்பாள் செலினா.

பாவம், வெள்ளந்தி என்று நினைத்துக்கொள்வான்.

போன சனிக்கிழமை பால்கோவாக் கடை வாசலில் டீச்சரே நின்றார்.

"ஏய்யா பென்சன், பிளேட்டெல்லாம் சௌக்கியமா?"

"நடுப் பிளேட்டுதான் இல்லையே, டீச்சர்."

"ஒடச்சுட்டியா? மறுவாரம் பீரோவ எடுக்க வந்தப்ப பின்னால கெடந்துச்சுன்னு செலினா கையில குடுத்தேனே!"

பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் பென்சன் நின்றுகொண்டே வந்தான்.

"ஏட்டி, டீச்சரைப் பாத்தேன்."

செலினா பொட்டலத்தைப் பிரித்து ஒரு விள்ளல் போட்டுக்கொண்டாள். "ஊருக்கு வந்துட்டாகளா?"

"பதினோரு வருஷம், ஏட்டி!"

"அன்னைக்கே தரத்தான் எடுத்து வச்சேன். கல்யாணம் ஆனதுலருந்து எனக்குன்னு ஒரு முழம் பூ வாங்காத மனுஷன், பால்கோவாவோட வந்து நிக்கீக. தந்தா நின்னுருமேன்னு விட்டுட்டேன்."

டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். கல்யாணப் பட்டுக்குள்ளிருந்து தட்டு வந்தது. ஒரு கீறல் இல்லை. தூசி இல்லை. பென்சன் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். இத்தனை பக்குவமாக அவனே எந்தத் தட்டையும் வைத்ததில்லை.

"நீ கேட்டிருக்கியா?"

"நீங்க மில்லுக்குப் போன பொறவு தெனமும். கடைசியில அந்த வயலின் செத்த நேரம் தயங்கி, மெல்ல எறங்கி வரும் பாருங்க..." முனகிக் காட்டினாள். சுருதி பிசகவில்லை.

பென்சன் நடுத்தட்டைச் சுழலவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். அவள் சொன்ன இடத்தில் தயங்கியது. அவள் சொன்னபடியே இறங்கியது. பதினோரு வருஷத்து ஆறுதல் மொத்தமாக வந்து சேர்ந்தது. பாக்கை மெச்சுவதா, இவளை மெச்சுவதா என்று தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூன்றாவது தட்டுக்குக் கை நீட்டினான்.

உறை காலியாக இருந்தது.

டிரங்குப் பெட்டியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகியபடி செலினா சொன்னாள்: "வர்ற சனிக்கிழமை ஒரு கிலோவா வாங்கிட்டு வாங்க."