வல்லாரையும் மஞ்சள் ஏறாத குழாயும்

பெரிய முட்டாள்தனம் செய்ய நல்ல படிப்பு வேண்டும். அரைகுறையாகப் படித்தவன் பயந்துபோய் நாலு பேரைக் கேட்டுவிடுவான். நான் யாரையும் கேட்கவில்லை. உயிர்வேதியியலில் முதல் வகுப்பு. (பல்கலைக்கழகத்தில் இரண்டாமிடம். கேட்காமலே இதைச் சொல்லும் பழக்கம் ஓய்வுபெற்ற பிறகும் போகவில்லை.)

எண்பதுகளின் தொடக்கம். சேலத்தில் ஒரு கல்லூரியில் எனக்குச் செய்முறை வகுப்பு நடத்தும் டெமான்ஸ்ட்ரேட்டர் வேலை, அதுவும் தற்காலிகம். அல்சைமர் என்ற மறதி நோய் வந்தவர்களின் மூளையில் அசிட்டைல்கோலின் என்ற பொருள் குறைகிறது, அதைச் சிதைக்கும் நொதியைத் தடுத்தால் மிச்சமிருப்பதையாவது காப்பாற்றலாம் என்று வெளிநாட்டு இதழ்களில் எழுதிக்கொண்டிருந்தார்கள். படித்ததும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஞாபகசக்திக்கு வல்லாரை என்பது ஊருக்கே தெரியும். வல்லாரைக்கும் அந்த நொதிக்கும் முடிச்சுப் போட்டவன் உலகத்திலேயே நான் ஒருவன்தான் என்று முடிவு செய்தேன்.

புதுச்சத்திரம் பக்கம் என் மாமனாரின் பருத்திக் காட்டு வாய்க்கால் ஓரம் வல்லாரை மண்டிக் கிடந்தது. ஒரு சாக்கு நிறையப் பறித்து பஸ்ஸில் ஏற்றி வந்தேன். நொதிக்கு ஆட்டு மூளை. கசாப்புக் கடையில் வாங்கி, டிபன் கேரியரில் ஐஸ் போட்டுக் கொண்டுவந்து அரைத்தேன்.

சோதனை எளிது. நொதி வேலை செய்தால் குழாயில் மஞ்சள் நிறம் ஏறும். தடுக்கப்பட்டால் ஏறாது. பச்சையம் நீக்கிய என் வல்லாரைச் சாறு இரண்டு சொட்டு விட்டேன். ஐந்து நிமிடம், பத்து நிமிடம். குழாய் தெளிந்த தண்ணீர் மாதிரி நின்றது! மஞ்சளின் சாயல்கூட இல்லை. கட்டடத்தைச் சுற்றி ஓடினேன். (ஓடியதை வாட்ச்மேன் பார்த்துவிட்டுத் துறைத்தலைவரிடம் சொல்லியிருக்கிறார்.) ஏழு முறை திரும்பச் செய்தேன். கரைப்பான் மட்டும் விட்ட குழாய், கொதிக்கவைத்த நொதி விட்ட குழாய் என்று எல்லா ஒப்பீடும் வைத்தேன். முறையில் ஒரு குற்றம் சொல்ல முடியாது.

துறைத்தலைவர் மெட்ராஸில் ஒரு பேராசிரியருக்கு எழுதினார். அவர் நேரில் வந்து பார்த்து ஒப்புக்கொண்டால் எனக்கு ஆராய்ச்சி உதவித்தொகை. இல்லையென்றால் மார்ச்சோடு வேலையும் போய்விடும்.

பேராசிரியருக்கு மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில். என் மனைவி சாந்தாமணி வல்லாரைத் துவையல் அரைத்திருந்தாள். இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். "ஐயா, நீங்கள் சாப்பிடுவதுதான் என் ஆராய்ச்சி" என்றேன் பெருமையாக.

சாப்பிட்டதும் கல்லூரிக்குப் போனோம். அங்கே கூடத்தில் மாமனார் கஞ்சி போட்ட வேட்டியோடு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். குழாய்களைத் தூக்கிக் காட்டினேன். ஒன்று மஞ்சள், ஒன்று தெளிவு. கைதட்டல். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "பிரமாதம். இலை எங்கே பறித்தது?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மாமனார் எழுந்துவிட்டார்.

"நம்ம காடுதானுங்க சாமி. தழையப் பாத்தீங்களா, ஒரு ஓட்டை இருக்காதுங்க. பருத்திக்கு வாராவாரம் பூச்சி மருந்து அடிக்கறமுங்க. அந்தப் பக்கம் ஒரு பூச்சி தலைகாட்டாதுங்க!"

பூச்சி மருந்து எப்படிக் கொல்கிறது? பூச்சியின் உடம்பில் இதே நொதியைத் தடுத்துத்தான். தேர்வில் இந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கியவன் நான்.

பேராசிரியரின் கை மெதுவாக வயிற்றுக்குப் போனது. "மதியம் அந்தத் துவையல்..."

"வியர்க்கிறதா ஐயா? எச்சில் ஊறுகிறதா?" விஷத்தின் அறிகுறிகளைப் பாடப்புத்தக வரிசைப்படியே கேட்டேன்.

"இதுவரைக்கும் இல்லை. இப்போது வியர்க்கிறது."

கடைசி பெஞ்சிலிருந்து சாந்தாமணி எழுந்தாள். "பயப்படாதீங்க சார். அது பக்கத்து ஊட்டுத் தொட்டியில பறிச்ச தழைங்க. எங்கப்பா காட்டு வாய்க்காத் தழைய நாங்க ஆட்டுக்கே போட மாட்டமுங்க."

"ஏன் என்னிடம் சொல்லவில்லை?" என்று அலறினேன், அத்தனை பேர் முன்னால்.

"ஏனுங்க, நீங்க குழாயில ஊத்தறதுக்குத்தான கேட்டீங்க? திங்கறதுக்குன்னா சொல்லியிருப்பேன்."

உயிர் திரும்பிய பேராசிரியர் சும்மா விடவில்லை. எங்கள் வீட்டு அடுக்களையில் மிச்சமிருந்த தொட்டித் தழையை வரவழைத்து, சாறெடுத்துச் சோதிக்கச் சொன்னார். அதுவரை கூடத்தில் ஒருவர்கூட எழுந்து போகவில்லை. (போயிருக்கலாம்.) சாறு விட்டுக் கையை எடுப்பதற்குள் மஞ்சள் ஏறியது. அப்படியொரு மஞ்சளை நான் கல்யாண வீட்டில்கூடப் பார்த்ததில்லை.

உதவித்தொகை போனது. ஆனால் அறிக்கையின் கடைசியில் பேராசிரியர் ஒரு வரி எழுதியிருந்தார்: "மறதி நோய்க்கு இங்கே ஒன்றும் இல்லை. காய்கறியில் பூச்சி மருந்து ஒட்டியிருக்கிறதா என்று கண்டுபிடிக்க இவரைவிடப் பொருத்தமானவர் இல்லை." அந்த ஒரு வரியைக் காட்டித்தான் ஒரு பரிசோதனைக்கூடத்தில் வேலை வாங்கினேன். ஓய்வு பெறும்வரை அடுத்தவர் தோட்டத்துத் தக்காளியைச் சந்தேகப்படுவதே தொழில். அந்த நொதியைத் தடுக்கும் மாத்திரைகளை அல்சைமர் நோய்க்குப் பிற்பாடு வேறு யாரோ கொண்டுவந்தார்கள். அவர்களுக்கு என் மாமனார் மாதிரி ஒருவர் வாய்க்கவில்லை போலிருக்கிறது.

அவர் இருந்தவரை ஒரு கல்யாணம், ஒரு காதுகுத்து விடவில்லை. புதிதாக யாரைப் பார்த்தாலும் என் தோளைப் பிடித்து முன்னால் நிறுத்திவிடுவார். இப்போது என் மகன் தாத்தாவின் அதே குரலில், அதே இழுவையோடு சொல்லிக் காட்டுகிறான்:

"இவருதானுங்க எங்க மாப்ள. மறதிக்கு மருந்து கண்டுபுடிச்சாருங்க. அதத் தின்ன எந்தப் பூச்சிக்கும் இன்னைக்கு வரைக்கும் மறதி வந்ததில்லீங்க."