கபிரியேல் பால் குடிக்காத மூன்று வாரம்

சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பலோடு வீட்டுக்கு வந்த கபிரியேல், சட்டையைக்கூடக் கழற்றாமல் மனைவியைக் கூப்பிட்டு நிறுத்தினார்.

"கெர்ட்ரூட், நல்லாக் கேட்டுக்க. ஈஸ்டர் வரைக்கும் நான் படம் பார்க்கமாட்டேன். பேசுற படம், பேசாத படம், ரெண்டும் கிடையாது."

"நெசமாவா?"

"சாமியார்கிட்டயே சொல்லிட்டேன்."

"அப்ப நானும் வெத்தலைய விட்டுடறேன்" என்றாள் கெர்ட்ரூட். சொன்ன கையோடு வெற்றிலைப் பெட்டியை அலமாரியின் மேல்தட்டில் ஏற்றிவிட்டு அரிசி புடைக்கப் போய்விட்டாள். அவ்வளவுதான். அவளுடைய நோன்புக்கு விளம்பரமே இல்லை. கபிரியேலுக்கு அது கொஞ்சம் ஏமாற்றம்தான்.

கபிரியேல் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் கூட்ஸ் ஷெட்டில் கிராணி, அதாவது குமாஸ்தா. ரயில்வே குவார்ட்டர்ஸில் வாசம். சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் பட்டணத்துக் கொட்டகையில்தான் அவரைப் பார்க்கலாம். படம் பார்த்துவிட்டு வந்தால் ஒரு வாரத்துக்கு அதில் வந்த ஒரு கட்டத்தையே சொல்லிக்கொண்டிருப்பார். யமன் வரும் கட்டத்தை நடித்துக் காட்டும்போது ஸ்டேஷன் மாஸ்டரின் நாற்காலியை உடைத்தவர் அவர். அப்படிப்பட்ட மனிதர் படத்தை விடுகிறார் என்றால் காரணம் இல்லாமலா?

காரணம் பெரிய வெள்ளிக்கிழமை. அன்றைய பவனியில் ஆண்டவரின் சுரூபத்தை நான்கு பேர் தோளில் சுமப்பார்கள். ஆறு வருஷமாக அந்த நால்வரில் ஒருவராக வேண்டும் என்று கபிரியேல் ஏங்கிக்கொண்டிருந்தார். பிரெஞ்சுக்காரச் சாமியார் அதற்கு ஒரு சட்டம் வைத்திருந்தார். தவக்காலத்தில் எடுத்த நோன்பை முறிக்காதவன்தான் தோள் கொடுக்கலாம். முறித்தானா இல்லையா என்று அவனைக் கேட்கமாட்டார். அதற்கு முந்தின குருத்து ஞாயிறன்று கோயில் வாசலில் நின்று அவன் பெண்சாதியைக் கேட்பார். இருபது வருஷம் தமிழர்களோடு பழகியவர் அல்லவா, விவரம் தெரிந்தவர்.

நோன்பு பதினேழு நாள் நன்றாகத்தான் நடந்தது. பதினெட்டாம் நாள் சனிக்கிழமை. பக்கத்து வீட்டு வேலாயுதம் வேலியோரம் வந்து நின்றான்.

"அண்ணே, புதுப்படம் வந்திருக்கு. ராணி பால் குடுக்கிற கட்டம் ஒண்ணு இருக்காம். கோலாலம்பூர் பூரா அதே பேச்சு."

"நான் நோன்புப்பா."

"கண்ண மூடிக்கிட்டு உக்காருங்க. பாட்ட மட்டும் கேளுங்க. காதுக்குமா நோன்பு?"

கபிரியேல் யோசித்தார். யோசிக்க யோசிக்க அதில் நியாயம் இருப்பதாகவே பட்டது. உள்ளே போய், "கிள்ளானுக்குப் போறேன், கெர்ட்ரூட். சரக்கு மாறிப்போச்சாம். வர லேட்டாகும்" என்றார்.

"போயிட்டு வாங்க" என்றாள் அவள். என்ன சரக்கு, யார் மாற்றியது, எப்போது வருவீர்கள், ஒன்றும் கேட்கவில்லை. பதினாலு வருஷத்தில் முதல் தடவையாக ஒன்றும் கேட்கவில்லை. மனுஷனுக்கு அங்கேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும். படம் பார்க்கும் அவசரத்தில் இருப்பவனுக்கு எங்கே வரும்?

கொட்டகையில் ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவே துணித்திரை தொங்கியது. கபிரியேல் கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்தார். நாலு பாட்டு வரை தாங்கினார். திடீரென்று கொட்டகை முழுக்க மூச்சுவிடாமல் அடங்கிப்போயிற்று. ஒரு கண்ணைத் திறந்தார். அப்புறம் இன்னொன்றையும் திறந்தார்.

வேட்டைக்குப் போனதாகப் பொய் சொல்லி, நாட்டியக்காரி வீட்டுக்குப் போய்வந்த ராஜா கட்டிலில் உட்கார்ந்திருக்கிறான். ராணி வெள்ளிக் கிண்ணத்தில் பால் கொண்டுவருகிறாள். கண்ணை இமைக்கவில்லை. வலது கை வளையலை இடது கையால் மெல்லச் சுற்றுகிறாள். "அருந்துங்கள், நாதா" என்கிறாள். ராஜா கிண்ணத்தை உதட்டருகே கொண்டுபோகிறான்.

"யோவ், குடிக்காதே!"

கத்தியது யார் என்று கபிரியேல் சுற்றிலும் பார்த்தார். எல்லாரும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எழுந்து வேறு நின்றிருந்தார். கொட்டகையே சிரித்தது. ராஜா மட்டும் காதில் வாங்காமல் குடித்துச் செத்துப்போனான்.

திங்கட்கிழமை காலை வேலைக்குக் கிளம்பும்போது கெர்ட்ரூட் டம்ளரில் பால் கொண்டுவந்தாள்.

"என்ன இது, புதுசா?"

"தவக்காலம் பூரா கறி மீன் இல்லாம உடம்பு என்னத்துக்காகும்? குடிங்க."

கபிரியேல் அவள் கண்களைப் பார்த்தார். அவை இமைக்கவில்லை. "ஆறட்டும்" என்று சொல்லி, அவள் உள்ளே போனதும் பப்பாளி மரத்தடியில் ஊற்றினார்.

செவ்வாய்க்கிழமை அவள் நின்றுகொண்டே வளையலைச் சுற்றினாள். கபிரியேல் நாற்காலியோடு பின்னால் நகர்ந்துகொண்டார். பைத்தியக்காரத்தனம் என்று அவருக்கே தெரியும். கெர்ட்ரூட் கோழி அறுக்கவே பக்கத்து வீட்டு ஆளைக் கூப்பிடுகிறவள். ஆனாலும் அந்த ராஜாவும் பொய் சொன்னான், இவரும் பொய் சொன்னார். அந்த நினைப்பு வந்ததும் அன்றைய பாலும் பப்பாளி மரத்தடிக்கே போயிற்று.

புதன்கிழமை துணிந்து ஒரு தந்திரம் செய்து பார்த்தார்.

"நீ மொதல்ல ஒரு வாய் குடி, கெர்ட்ரூட்."

"எனக்குப் பால் ஆகாதுன்னு தெரியாதா? உங்களுக்குன்னே காய்ச்சினது."

"எனக்குன்னேவா?"

"உங்களுக்குன்னேதான்."

மூன்று வாரம் இப்படியே போயிற்று. கபிரியேலின் கன்னம் ஒட்டிப்போய் பப்பாளி மரம் செழித்தது. கூட்ஸ் ஷெட்டில் ஈப்போவுக்குப் போகவேண்டிய மூட்டைகளைச் சிரம்பானுக்கு ஏற்றிவிட்டார். பயம் ஒரு பக்கம் இருக்க, குருத்து ஞாயிறு வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. வேலாயுதத்திடம் ரகசியமாகக் கேட்டார்.

"உன் வீட்ல காலைல பால் குடுக்குதாப்பா?"

"நல்லம்மாளா? எனக்கா? வெந்நியே நான்தாண்ணே வச்சுக் குடிக்கிறேன்."

சனிக்கிழமை மத்தியானம், விடிந்தால் குருத்து ஞாயிறு என்ற நிலையில், கெர்ட்ரூட் மறுபடியும் பாலோடு வந்தாள். டம்ளர் இல்லை. கல்யாணத்துக்கு வந்த வெள்ளிக் கிண்ணம். வளையலை மெல்லச் சுற்றினாள்.

"அருந்துங்கள், நாதா."

கபிரியேல் நாற்காலியிலிருந்து வழுக்கித் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஐயோ, சொல்லிடறேன்! நான் கிள்ளானுக்குப் போகல. படத்துக்குத்தான் போனேன். வேலாயுதம் கூட்டிட்டுப் போனான். நாலு பாட்டுக்குக் கண்ணத் தொறக்கல, மாதா சத்தியமா!"

"பப்பாளி மரத்துக்குப் பால் ஊத்துறதும் தெரியும். ராணி பால் குடுக்கையில கண்ணத் தொறந்துட்டீங்க. தெரியும்."

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? 'யோவ், குடிக்காதே'ன்னு கத்துனது திரைக்கு இந்தப் பக்கம் பொம்பளைங்களுக்குக் கேக்காதா? பதினாலு வருஷமாக் கேக்கற குரலாச்சே. நல்லம்மா சிரிச்ச சிரிப்புல பெஞ்சே ஆடிப்போச்சு."

கபிரியேலுக்குப் பயம் போய் ரோஷம் வந்தது. எழுந்து நின்றார்.

"அடிப்பாவி! நீயும் படத்துக்கு வந்தியா? தவக்காலத்துல? இரு, சாமியார்கிட்ட சொல்றேன்!"

"சொல்லுங்களேன். நான் விட்டது வெத்தலைய."

கபிரியேல் அண்ணாந்து அலமாரியைப் பார்த்தார். வெற்றிலைப் பெட்டியின் மேல் விரல்தடம்கூட இல்லாமல் தூசி படிந்திருந்தது. மறுபடியும் உட்கார்ந்தார்.

"நாளைக்கு சாமி கேட்டா என்ன சொல்லுவ?"

"கோயில் வாசல்ல நின்னு பொய் சொல்லச் சொல்றீங்களா?"

"ஆறு வருஷம், கெர்ட்ரூட். ஆறு வருஷமாக் காத்திருக்கேன்." சொல்லிவிட்டு மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அது நடிப்பு இல்லை. கெர்ட்ரூட் அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு பாலை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் பூசை முடிந்து, குருத்தோலையும் கையுமாகச் சனம் வாசலில் நின்றது. சாமியார் வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தார். கபிரியேல் கையில் இருந்த ஓலையை நார் நாராகக் கிழித்துக்கொண்டிருந்தார்.

"கெர்ட்ரூட் அம்மாள், உம்முடைய புருஷன் எப்படி நோன்பிருந்தார்?"

"என்னத்தச் சொல்றது, சாமி? மூணு வாரமா ஒரு சொட்டுப் பால் தொடல. தினம் காய்ச்சிக் கொண்டுபோய்க் குடுக்கறேன். கண்டாலே நடுங்குறாரு. உடம்பப் பாருங்க, பாதி ஆயிட்டாரு."

அதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. சாமியார் கபிரியேலின் ஒட்டிய கன்னத்தைப் பார்த்தார். அவர் கண் கலங்கியது.

"படத்தைத்தான் விட்டீர் என்று நினைத்தேன். பாலையுமா விட்டீர்! நீரே முன்னால் நின்று சுமக்க வேண்டும்."

கபிரியேலுக்குக் காலில் விழலாம் போல் இருந்தது, சாமியார் காலில் அல்ல, கெர்ட்ரூட் காலில். எப்பேர்ப்பட்ட பெண்சாதி! இவளையா சந்தேகப்பட்டோம் என்று மனம் உருகிக்கொண்டிருக்கும்போதே சாமியார் தொடர்ந்தார்.

"இப்படிப்பட்டவர் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்தால் எவ்வளவு நன்மை! வாரம் ஒரு நாள், ஒரு வருஷத்துக்கு. எந்த நாள் வசதிப்படும்?"

திங்கட்கிழமை என்று சொல்ல வாயைத் திறந்தார் கபிரியேல். கெர்ட்ரூட் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு முந்திக்கொண்டாள்.

"சனிக்கிழமை சாயங்காலம் வச்சுக்குங்க, சாமி. நானும் நல்லம்மாளும் வெளியில போயிடுவோம். இவரு வீட்ல தனியா சும்மாத்தான் இருப்பாரு."