உங்க வண்டி ரேடியோவில் வந்தது பாதிதான்

தண்டையார்பேட்டை,
செவ்வாய்க்கிழமை.

மரியாதைக்குரிய சம்பந்தியம்மா ரமாபாய் அவர்களுக்கு, செங்குட்டுவனின் தாயார் பட்டம்மாள் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் சுகம். அங்கு உங்கள் கோபம் தவிர மற்ற எல்லாம் சுகமாக இருக்க வேண்டுகிறேன். சம்பந்தியம்மா என்று எழுதலாமா கூடாதா என்று நீங்கள் இன்னும் சொல்லவில்லை. ஆனாலும் எழுதிவிட்டேன். நான் அஞ்சாவது பாஸ். அடித்து எழுதுவது எனக்குப் பழக்கமில்லை.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். எம்.கே.பி. நகரில் இருக்கும் என் அக்கா கெங்கம்மாவுக்குக் கண் பார்வை இல்லை, கடுதாசி படிக்க முடியாது. அதனால் பேத்தி எழில்மொழி வாங்கிக் கொடுத்த பாட்டுப் பொட்டியில் பேசிப் பதிந்து அனுப்புவேன். உங்க வூட்டுக்கு வந்துட்டுப் போன சேதியையும் அப்படித்தான் பேசி வெச்சிருந்தேன். மீஞ்சூர் மண்டபம் பாக்கப் போறப்போ என் புள்ள அதே பொட்டியை வண்டியில மாட்டினான், பழைய ரேடியோ, நேரா சொருக ஓட்டை கெடையாது, அதனால சிகரெட் பத்தவைக்கிற ஓட்டையில கட்டைவெரல் சைசுல ஒண்ணை சொருகினான், அது பாட்டைக் காத்துல வுடுமாம், ரேடியோவை அதே நம்பர்ல வெச்சா பாடுமாம். ரெண்டு வண்டியும் ஒரே பாட்டு கேட்டுகினு போலாம்னு முந்தின நாளே வந்து உங்க ரேடியோவுலயும் அந்த நம்பரை வெச்சுக் குடுத்தான் இல்லியா, உங்களுதை சரியா வெச்சவன் எங்களுதைத் தப்பா வெச்சுட்டான். எங்களுக்குக் கொர்ருனு சத்தம்தான். நானும் பாட்டு வரலியேன்னு பொத்தானை மாத்தி மாத்தி அமுக்கிகினே இருந்தேன்.

எண்ணூர் ரோட்டுல கண்டெய்னர் லாரிங்க நின்ன நிப்புல முக்கா மணி நேரம் நகரல. பக்கத்து லாரி டிரைவர், தெக்கத்திக்காரரு, என் ஜன்னல்கிட்ட எட்டிப் பாத்து, "யம்மா, மாப்ளைக்குக் காது முறம் மாதிரின்னு ரேடியோவுல ஒரு அம்மா சொல்லுது, உங்க குரலு மாதிரில்லா இருக்கு. பொறவு அந்தக் கல்யாணம் நடந்துச்சா?"ன்னாரு. நான் அமுக்கின அமுக்குல அக்காவுக்குப் பேசி வெச்சது ஓடுதுன்னு அப்பத்தான் வெளங்குச்சு, எனக்கு அங்கயே உசுரு போச்சு. திரும்பிப் பாத்தா, பின்னாடி வண்டியில நீங்க கண்ணாடியை ஏத்திகினு கீறீங்க, உங்க புள்ள பீம்ராவ் தம்பி காதைத் தொட்டுப் பாத்துகினு கீது.

என் புள்ள ஒயரைப் புடுங்கிட்டான். அதான் பெரிய தப்பு. நீங்க கேட்டது பாதிதான். மீதியை எழுதறேன். தம்பி சாப்ட்டு எழுந்து தன் தட்டையும் எங்க தட்டையும் கழுவி வெச்சுது, யாரும் சொல்லல. என் வூட்டுக்காரரு நாப்பது வருசத்துல ஒரு டம்ளரை நவுத்தினதில்ல. எழில் போற வூடு இதான், வேற எடம் பாக்கக் கூடாதுன்னு அக்காகிட்ட சொல்லிகீறேன். உங்களைப் பத்தியோ உங்க மீன் கொழம்பைப் பத்தியோ ஒரு கொறையும் சொல்லல. அஞ்சாவது படிச்சவ பொய் எழுதமாட்டா.

யோசிச்சு சொல்றோம்னு நீங்க சொன்னதுல இருந்து எழில் சரியா சோறு துன்னல. "ஆயா, உன் வாயை ஆஃப் பண்ண ஒரு பொத்தான் கெடையாதா"ன்னு கேட்டா. அவ மொகத்துக்காகவாவது ஒரு நல்ல வார்த்தை சொல்லி அனுப்புங்க.

தம்பிக்கும் வூட்டுல எல்லாருக்கும் என் ஆசி. காது நீளம் நல்ல லட்சணம். உங்க கூடத்துல கீற புத்தரை ஒரு தடவை நிமிந்து பாருங்க.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி வீட்டுப் பெரியவள்,
பட்டம்மாள்

பின்குறிப்பு: நான் எழுதினதுக்குச் சாட்சியா பாட்டுப் பொட்டியைக் காலையிலயே செங்குட்டுவன்கிட்ட உங்க வூட்டுக்குக் குடுத்தனுப்பிட்டேன். தட்டு கழுவின சேதி முடிஞ்ச உடனே நிறுத்திடுங்க. நிறுத்தலன்னா அதுவா அடுத்ததுக்குப் போயிடுமாம், எழில் இப்பத்தான் சொல்றா. அடுத்தது உங்க மீன் கொழம்பு.