தம் போட்ட கேக்கும் ஒரு மேல்முறையீடும்

ஆம்பூர்,
திங்கட்கிழமை காலை.

கேக் உலகத்தின் பேரொளியும், என் சொந்த அக்காவைவிட மேலானவருமான (எனக்குச் சொந்த அக்கா கிடையாது) ஷஹீன் பானு அக்கா அவர்களுக்கு, தங்கள் சேனல் தொடங்கிய அன்றே மணிப் பொத்தானை அழுத்திய ஷர்மிளா மிகுந்த பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் சுமாரான நலம். அப்பா மிகவும் நலம். அதுதான் இந்தக் கடிதத்துக்கே காரணம். கமெண்டில் எழுதினால் ஒரு ஹார்ட் போட்டுவிட்டுப் போய்விடுவீர்கள். எனக்கு வேண்டியது ஹார்ட் இல்லை, தீர்ப்பு. ஆகவே மெயில்.

விஷயம் இதுதான் அக்கா. என் அப்பா இருதயராஜ் இங்கே ஒரு ஷூ கம்பெனியில் தோல் செக்கிங் பார்ப்பவர். கையில் எதைக் கொடுத்தாலும் வளைத்துப் பார்த்துவிட்டுத்தான் பேசுவார். நான் வீட்டிலேயே கேக் தொழில் தொடங்க ஓவன் கேட்டேன். அவர் சொன்னார்: "ஞாயித்துக்கிழமை எங்க இருபத்தஞ்சாவது கல்யாண நாளு. கடைல வாங்காம நீயே ஒரு சாக்லேட் கேக் செய். சாப்பிட்டவங்கள்ல ஒருத்தர், ஒரே ஒருத்தர், இன்னொரு துண்டு கேட்டா ஓவன். இல்லன்னா திங்கள்லருந்து வேலூர்ல பேங்க் கோச்சிங். பேஜார் பண்ணக் கூடாது." நான் கை கொடுத்தேன். இருநூற்றுப் பதினான்கு கேக் வீடியோ பார்த்தவளுக்கு என்ன பயம்?

ஞாயிறு காலை எல்லாம் உங்கள் வீடியோவில் இருந்த மாதிரியே நடந்தது. கோகோவில் சூடான டிகாக்‌ஷன் ஊற்றினேன், தயிர் போட்டேன், முட்டையை உங்கள் நுரை எப்படியோ அப்படியே அடித்தேன். வீட்டில் இருந்தது ஒரே ஒரு டின் என்பதால் பாதிக் கலவையை அதில் ஊற்றி, இரண்டாம் அடுக்குக்கான மீதியைக் கிண்ணத்தில் மூடி வைத்து, பக்கத்திலேயே மேல்பூச்சுக்காக வெண்ணெயும் கோகோவும் பொடித்த சர்க்கரையும் தயாராக வைத்து, அடுப்பைப் பற்றவைத்தேன். அடுப்பு ஒரு தடவை நீலமாகச் சிரித்துவிட்டு அணைந்துபோனது. சிலிண்டர் காலி. மாற்று சிலிண்டரும் காலி என்பதை அம்மா செண்பகம் அப்போதுதான் நினைவுகூர்ந்தார்கள். வீட்டில் எரிந்துகொண்டிருந்த ஒரே நெருப்பு பின்பக்கம் முக்தார் அகமது பாயின் விறகடுப்பு. அவர் எங்கள் பக்கத்து வீட்டு பிரியாணி மாஸ்டர். விருந்துக்கு முப்பது பேருக்குப் பிரியாணி போட வந்திருந்தார்.

நான் டின்னோடு அழுதபடி நின்றதைப் பார்த்து, "இன்னா பாப்பா, கேக்குக்கு இன்னா வேணும் சொல்லு" என்றார். நீங்கள் சொன்னதையே சொன்னேன் அக்கா: கீழேயும் மேலேயும் ஒரே சூடு, ஆவி வெளியே போகக் கூடாது. பாய் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். முகத்தில் அப்படியொரு வெளிச்சம். "அட, அதுக்குப் பேர்தான் பாப்பா தம்மு! இத்தினி நாளா எங்கிட்ட கேக்காம போன்ல தேடிக்கினு இருந்தியா?" சின்ன பிரியாணி தேக்சாவில் டின்னை இறக்கி, மூடி போட்டு, மூடி மேல் கங்கு அள்ளிக் கொட்டப் போனவர், "ஆவி போவாம ஓரத்துல பூச மைதா குடு" என்றார். மைதா முழுக்கக் கேக்குக்குப் போய்விட்டது என்றேன். "பரவால்ல, நான் பாத்துக்கறேன், நீ போய்க் குளி" என்றார். போனேன். அதுதான் நான் செய்த ஒரே தப்பு.

திரும்பி வந்தால் தேக்சா கச்சிதமாகச் சீல் வைக்கப்பட்டிருந்தது. நிம்மதியாக இரண்டாம் அடுக்கைத் தேடினேன். "பாய், என் கிண்ணம் எங்க?"

"மாவுக் கிண்ணமா? கழுவிக் கவுத்துட்டேன்."

"உள்ள இருந்தது?"

"மைதா இல்லன்னு பொய் சொன்ன இல்ல? கரைச்சு வச்சுக்கினே இல்லன்ற! கொஞ்சம் தண்ணியா இருந்துச்சு. பக்கத்துல பொடி, வெண்ணெய்லாம் இருந்துச்சு, போட்டு கெட்டியா பிசைஞ்சு பூசிட்டேன். ஆனா பாப்பா, தம்மு மாவுக்கு இவ்ளோ சர்க்கரை ஜாஸ்தி."

சரி, ஓர் அடுக்காவது மிஞ்சட்டும் என்று முப்பத்தைந்தாவது நிமிடம் குச்சி குத்திப் பார்க்கப் போனேன். பாய் குறுக்கே நின்றார். ஜனம் உட்காராமல் தம்மை உடைக்கிற பழக்கம் அவர் குடும்பத்தில் கிடையாதாம். "குச்சியா? தம்முல குச்சி உடறதா? முப்பது வருசத்துல என் தேக்சாவ எவனும் சந்தேகப்பட்டது இல்ல!" அன்றைக்கு என்று பார்த்து சர்ச்சில் பாதிரியார் எங்கள் அப்பா அம்மாவுக்காக விசேஷ ஜெபம் வைத்தார், இருபத்தைந்து வருடத்துக்கும் வருடவாரியாக வைத்தார். ஜனம் வந்து உட்காரும்போது கேக் அடுப்பேறி இரண்டு மணி நேரம்.

மூடியைத் திறந்ததும் பாய் மட்டும் "மாஷா அல்லா" என்றார். உள்ளே இருந்ததைக் கறுப்பு என்று சொன்னால் கறுப்புக்கு மரியாதை இல்லை. அப்பா டின்னைத் தட்டி வெளியே எடுத்தார். இரண்டு கையாலும் பிடித்து வளைத்தார். நகத்தால் கீறினார். வெளிச்சத்தில் திருப்பினார். "நல்ல பதம். மேல்தோலுக்கு ஆவாது, அடிப்பாகத்துக்குப் போடலாம். ரெண்டு மழை தாங்கும்." முப்பது பேரும் சிரித்தார்கள். முதல் துண்டே யாரும் கேட்கவில்லை அக்கா, இரண்டாவதற்கு எங்கே போவது?

அப்போதுதான் அம்மாவோடு ஷூ கம்பெனியில் தையல் லைனில் வேலை பார்க்கும் அக்தர் பானு அத்தை, ஓரமாகச் சாய்த்து வைத்திருந்த மூடியில் வெந்து ஒட்டியிருந்த மாவிலிருந்து ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டார். மென்றார். நின்றார். "ஏய் செண்பகம், இது இன்னாடி இது? இன்னொரு துண்டு குடு!" அவ்வளவுதான், மூடியைச் சுற்றிக் கூட்டம். வெளியே மொறுமொறு, உள்ளே பிசுபிசு, விறகுப் புகை வாசம் வேறு. நீங்கள் கடையில் நூற்றைம்பது ரூபாய்க்கு விற்கும் பிரௌனி அதன் கிட்ட வராது, மன்னிக்கவும். பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது.

"அப்பா, கேட்டுட்டாங்க! ரெண்டாவது துண்டு!" என்று குதித்தேன்.

"கேட்டது தம்மு மாவ. கேக்க எவனும் கேக்கல" என்றார் அப்பா.

"அதுவும் என் கலவைதாம்பா! பாய், சொல்லுங்க!"

பாய் தாடியைத் தடவினார். "அண்ணன் சொல்றது நியாயம் பாப்பா. உள்ள இருக்கறது கேக்கு, அது உன்னது. வெளில இருக்கறது தம்மு, அது என்னது. என் தம்மப் பத்தி ஜனம் நாலு நல்ல வார்த்தை சொன்னா நீ எப்டி எடுத்துக்குவ?"

ஆகவே அக்கா, தாங்களே நீதிபதி. ஒரே கிண்ணத்தில் பிறந்த கலவை டின்னுக்குள் போனால் கேக், மூடியோரம் போனால் கேக் இல்லையா? "அதுவும் கேக்தான்" என்று தங்கள் வாயால் ஒரு முப்பது விநாடி ஷார்ட்ஸ் போட்டால் போதும். அப்பா போனில் வருவதை மட்டும் நம்புவார். கம்பெனியில் தலையைக் காட்டிவிட்டு வந்து பத்தரை மணி பஸ்ஸில் கோச்சிங் கூட்டிப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறார். தங்கள் முட்டை அடிக்கும் பீட்டர் என்றும் பழுதாகாமலும், தங்கள் கேக் என்றும் நடுவில் அமுங்காமலும் இருக்க வேண்டிக்கொள்ளும்,

தங்கள் தீவிர ரசிகை,
ஷர்மிளா இ.

பி.கு.: அனுப்பும் முன் பல் தேய்க்கப் பின்பக்கம் போனேன். கழுவப் போட்ட பாத்திரங்களுக்கு நடுவே அப்பா, கழுத்தில் கம்பெனி ஐடி கார்டோடு குந்தியிருந்தார். மடியில் அந்த மூடி. கையில் ஸ்பூன்.

"இன்னாப்பா பண்றீங்க?"

"பாய் வீட்டு மூடிம்மா. சுத்தமா திருப்பித் தர வேணாமா?" வாய் நிறைய இருந்ததால் பாதிதான் புரிந்தது. ஓரம் முழுவதும் சுரண்டி முடித்தபின், என்னைப் பார்க்காமலே கேட்டார்: "இதேமாதிரி இன்னொரு மூடி இருக்குதா?"

எனவே அக்கா, மேலே எழுதியது அனைத்தும் ரத்து. தீர்ப்பும் வேண்டாம், ஷார்ட்ஸும் வேண்டாம். சனிக்கிழமை ஓவன் வாங்கப் போகிறோம். அப்பாவுக்கு ஒரே ஒரு நிபந்தனை: கதவோரம் சுற்றி மாவு பூச வசதி இருக்கிற ஓவன்தான் வேண்டுமாம். அப்படி எந்த மாடல் என்று மட்டும் சொல்லவும்.