இரண்டு அழகிகளும் ஒரு வாலும்

"அழகிப் போட்டி ஆபீஸ்ல இருந்து பேசறேங்க. நாங்க எழுதிக் கொடுத்த சீட்டுலயே தப்பு. அழகின்னு வர வேண்டியது அகழின்னு இருக்கு. ரெண்டு எழுத்தை முன்ன பின்ன மாத்திடுங்க. ரெண்டு மணிக்கு ஆள் வரும்."

பூத்தையல்காரர் "சரிம்மா" என்பதற்குள் பேசியவள் போனை வைத்துவிட்டாள். வைக்காமல் இருந்திருந்தாலும், எந்தப் போட்டி என்று அவரால் கேட்டிருக்க முடியாது.

ஊரில் அன்று இரண்டு போட்டிகள். ஒன்று பூலோக அழகி. அதை நடத்தியவர்களில் பாதிப் பேர் சண்டை போட்டுப் பிரிந்துபோய், வெறும் பூலோகத்தில் என்ன இருக்கிறது என்று அண்டசராசர அழகியைத் தொடங்கி, அதே நாளில் எதிர் மண்டபத்தில் நாடு நாடாகப் பெண்களைக் கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள். ஜெயிப்பவள் தோளில் போடும் பட்டுப் பட்டைக்கு இரண்டு தரப்பும் இவரிடமே வந்தன. அந்தப் பக்கத்து வேலையைத் தொட மாட்டேன் என்று இரண்டு பேரிடமும் சத்தியம் செய்திருந்தார்.

அதையாவது சமாளிக்கலாம். அவருக்குப் படிக்கத் தெரியாது. முப்பது வருஷமாக எழுத்துத் தைத்தே பிழைக்கிறவருக்கு எழுத்துத் தெரியாது என்பது மனைவி ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் சீட்டைப் படித்துச் சரிபார்ப்பாள். இவர் படம் வரைவதுபோல் பார்த்துப் பார்த்துத் தைப்பார். அவள் இப்போது தொண்டை ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பத்து நாள் வாயைத் திறக்கக் கூடாது. அவள் இல்லாத கடையில் அவருக்குச் சோறும் இறங்கவில்லை, ஊசியும் இறங்கவில்லை.

கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, சிவப்புப் பட்டையையும் நீலப் பட்டையையும் மேஜையில் விரித்தார். கடைசிச் சொல் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லை. சிவப்பில் வால் உள்ள எழுத்து நடுவில் இருந்தது, நீலத்தில் கடைசியில்.

மனைவிக்குப் போன் போட்டார்.

"இந்தா, பேசாத. அழகிங்கற சொல்லுல வால் எழுத்து நடுவுல வரணும்னா ஒரு தட்டு தட்டு. கடைசியிலன்னா ரெண்டு."

மறுமுனையில் டொக்கென்று ஒரு சத்தம். அவருக்கு உயிர் வந்தது.

"நர்ஸ் பேசறேங்க. அம்மா தூங்கறாங்க. அது மருந்துத் தட்டு வச்ச சத்தம்."

வந்த உயிர் போயிற்று. மணி ஒன்று.

மாடிக்குக் கீழே, கட்டட வாசலில் காவலாளி எப்போதும்போல் பேப்பரை விரித்து, அதற்குள் முகத்தைப் புதைத்து உட்கார்ந்திருந்தார். இவ்வளவு படிக்கிற மனிதர் இருக்கும்போது என்ன கவலை என்று பூத்தையல்காரர் இரண்டு பட்டைகளோடும் இறங்கினார்.

"அண்ணே, என் கண்ணாடி உடைஞ்சுபோச்சு. இதுல எது தப்புன்னு பாத்துச் சொல்லுங்க."

காவலாளி அவர் முகத்தையே சிறிது நேரம் பார்த்தார். பேப்பரை நான்காக மடித்தார். பட்டைகளைப் பார்த்தார். பெருமூச்சு விட்டுச் சிவப்பைக் காட்டினார்.

"நிச்சயமாத்தானே?"

"பாத்தாலே தெரியலையா?"

ஒரு மணி நேரத்தில் சிவப்பைப் பிரித்து, வாலைக் கடைசிக்குத் தள்ளித் தைத்தார். விரலில் நான்கு இடத்தில் ஊசி ஏறியது. இரண்டும் இப்போது அச்சு அசல் ஒன்றாக இருந்தன. இரண்டு மணிக்கு ஒரு ஆளும் இரண்டரைக்கு ஒரு ஆளும் வந்து வாங்கிப்போனார்கள்.

ஐந்து மணிக்கு இரண்டு போட்டிகளின் செயலாளர்களும் ஒரே மாடிப்படியில் ஏறி வந்தார்கள்.

"அகழின்னா என்னன்னு தெரியுமாய்யா? கோட்டையைச் சுத்தி முதலை விடற பள்ளம். அந்தப் பொண்ணு அதைத் தோள்ல போட்டுக்கிட்டு ஆனந்தக் கண்ணீர் விடுது, உலகமே சிரிக்குது."

"எங்களுக்கும் அதே பள்ளம்தான்" என்றாள் மற்றவள்.

வருஷக்கணக்கில் முகம் பார்க்காத இருவரும் அன்று ஒரே குரலில் திட்டினார்கள். கவனம் கெட்ட ஆள், இனி இந்தக் கடைப் படியை யாரும் மிதிக்க மாட்டார்கள் என்றார்கள். பூத்தையல்காரர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். கவனம் கெட்டவன் என்ற பேரைத் தாங்கிக்கொள்ளலாம். உண்மையைச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

அவர்கள் போனதும் கீழே இறங்கினார். வருவது கோபமா அழுகையா என்று அவருக்கே விளங்கவில்லை.

"உங்களை நம்பித்தானே அண்ணே பிரிச்சேன். எந்நேரமும் பேப்பரும் கையுமா இருக்கீங்களே."

காவலாளி பெஞ்சில் நகர்ந்து அவருக்கு இடம் விட்டார்.

"மூக்கு மேல கண்ணாடியை வச்சுக்கிட்டே உடைஞ்சுபோச்சுன்னு சொன்னீங்க பாருங்க, அது இருபது வருஷமா நான் சொல்லிட்டு வர்ற பொய்யாச்சே."