சேந்துட்டாங்கன்னு யார் சொன்னா?

லிட்டில் இந்தியா முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் ‘நம்பமாட்டேன் அக்கா’ அளவுக்கு யாரையும் நம்பாத ஓர் ஆளை நீங்கள் பார்க்க முடியாது. லிஃப்ட்டில் மூன்றாம் எண் எரிந்தாலும், தலையை வெளியே நீட்டி மாடியைச் சரிபார்த்த பிறகுதான் இறங்குவார்.

கீழே கடையும் மேலே வீடுமாகக் கட்டிய பழைய கடைவீடு ஒன்றின் மாடியில் எங்கள் அலுவலகம். பழைய கறுப்பு வெள்ளைச் சமூகப் படங்களுக்கு ஆங்கிலத்தில் சப்டைட்டில் போடும் வேலை. நான் எழுதுவேன், அக்கா சரிபார்ப்பார். எல்லாப் படத்திலும் மனைவி பெட்டியோடு பிறந்த வீட்டுக்குப் போவாள். கடைசியில் குழந்தைக்குக் காய்ச்சல் வரும். கட்டிலின் இரண்டு பக்கமும் நின்று அழுது, சேர்ந்துவிடுவார்கள்.

“சேந்துட்டாங்கன்னு யார் சொன்னா?” என்பார் அக்கா. “அவன் கண்ணைப் பாரு. டாக்டரைத்தான் பாக்கறான். நாளைக்கே மறுபடி ஆரம்பிப்பான்.”

ஒரு தடவை கதாநாயகன் “என்னை மன்னித்துவிடு” என்ற இடத்தில், ‘மன்னிக்கச் சொல்கிறான்’ என்று மாற்றி அனுப்பிவிட்டார். முதலாளி கூப்பிட்டுக் கேட்டதற்கு, “அவன் சொன்னதுக்கு நான் எப்படி சார் கேரண்டி குடுக்கறது?” என்றார்.

காரணம் இல்லாமல் இல்லை. அக்காவின் கணவருக்கு வேலை போயிருந்தது. அதைச் சொல்லாமல் மூன்று மாதம் அந்த மனிதர் தினமும் இஸ்திரி போட்ட சட்டையும் சாப்பாட்டு டப்பாவுமாக ஆங் மோ கியோ வீட்டிலிருந்து கிளம்பி, நூலகத்தில் உட்கார்ந்துவிட்டு, சாயங்காலம் “இன்னிக்கு வேலை ஜாஸ்தி” என்று சலித்துக்கொண்டே திரும்பி வந்திருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் மூலம் விஷயம் தெரிந்த அன்றே அக்கா மார்சிலிங்கில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார்.

ஒரு வருடம் கழித்துக் கணவரிடமிருந்து குரல் பதிவு வந்தது. அக்கா என் காதில் ஹெட்ஃபோனை மாட்டினார்.

“நீ இல்லாத இல்லம் இருண்டுவிட்டது” என்றது ஒரு நடுங்கும் குரல்.

“அழறாரு அக்கா.”

“படிக்கறாரு லா. நாலாவது செகண்ட்ல காகிதம் திருப்பற சத்தம். ‘இல்லம்’னு அவர் வாழ்நாள்ல சொன்னதில்ல. போன மாசம் நாம செஞ்ச படத்து வசனம் இது.”

உண்மைதான். அக்கா வேலை செய்த படங்களைக் கணவர் தேடிப் பார்த்து, வசனத்தை எழுதி வைத்துப் படித்திருக்கிறார். எனக்குப் பாவமாக இருந்தது. அக்கா பதில் போடவில்லை.

அடுத்த வாரம் அவரே அலுவலகத்துக்கு நேரில் வந்தார். மெலிந்த மனிதர். காகிதம் ஏதும் இருக்கிறதா என்று அக்கா முதலில் அவர் சட்டைப் பையைத்தான் பார்த்தார்.

“வேலை கிடைச்சிருக்கு. பள்ளிக்கூடத்துல செக்யூரிட்டி. வேணும்னா போன் பண்ணிக் கேளு.”

“கேப்பேன்.”

“வேலை போச்சுன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. நீ என்னைக் கேவலமாப் பாப்பியோன்னு பயந்துட்டேன். இப்ப எங்க போனீங்க, ஏன் லேட்டுன்னு கேக்க வீட்டுல ஆளே இல்ல. அது நல்லா இல்ல.”

அக்கா அங்கேயே பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்து பெயர், ஷிஃப்ட் எல்லாம் விசாரித்தார். பிறகு என் போனை வாங்கி, வேறு யாரோ போல் மறுபடி விசாரித்தார். இரண்டு பதிலும் ஒன்றாக இருந்தது. “ஒரு மாசம் பாக்கறேன். அவ்வளவுதான்” என்றார் கணவரிடம்.

ஆறு வருடமாக இருவரும் ஆங் மோ கியோவில்தான் இருக்கிறார்கள். அந்த ஒரு மாதம் முடிந்துவிட்டதாக அக்கா இன்றுவரை சொல்லவில்லை.

எனக்குக் கல்யாணம் பேசியபோது, ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் அம்மா சம்மதம் சொல்லிவிட்டார். அக்காவோ மாப்பிள்ளையைக் காப்பிக் கடைக்கு வரவழைத்து இரண்டு மணி நேரம் விசாரித்தார். பாவம், அவருக்கு வியர்வையில் சட்டை நனைந்துவிட்டது.

“அந்தத் தம்பிக்குப் பொய் சொல்ல வரல. கட்டிக்கோ” என்றார் என்னிடம். “ஆனா ஏதாவதுன்னா முதல்ல எனக்குப் போன் பண்ணு.”

எனக்காக அவ்வளவு சந்தேகப்பட்டவர் இந்த ஊரில் வேறு யாரும் இல்லை.