எச்சில் இன்ஜினியரும் வானத்துக் கல்லும்

கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் ஒரே நாளில் கோடீஸ்வரராகிவிட்ட அத்தனை பேரையும் மறுநாளே பழைய நிலைக்குக் கொண்டுவந்து விட்டவர் ஒருவர்தான்: எச்சில் இன்ஜினியர்.

தொழில் பைக் மெக்கானிக். எங்கள் தெருமுனையில் பட்டறை. கல் பார்ப்பது அவருடைய பைத்தியம். கல்வராயன் மலைக்குப் போகிறவர்கள் பொறுக்கிவரும் கல்லெல்லாம் அவரிடம்தான் வரும். கிரீஸ் கையைத் துடைத்துவிட்டு முதல் காரியமாகக் கல்லை நக்குவார். ஈரம் பட்டால்தான் அதன் நிறமும் உள்ளே ஓடும் ரேகையும் தெரியுமாம். தண்ணீரில் நனைக்கலாமே என்றால், "தண்ணிக்கு ருசி தெரியுமா?" என்பார்.

கரியாலூர் அருவி ஓடையில் நான் ஒரு பச்சைக் கல் எடுத்தேன். மரகதம் என்று முடிவுகட்டி, சங்கிலியில் கோக்கலாம் என்று மனைவிக்கு வாக்கும் கொடுத்துவிட்டேன். அவர் கண்ணை மூடி நக்கினார். யோசித்தார்.

"பீரு."

"இன்னாண்ணே?"

"பீர் பாட்டில் சில்லு. தண்ணில உருண்டு வழவழன்னு ஆயிருக்குது. வூட்ல சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"அப்ப இன்னைக்கு வெளிய சாப்டுக்க."

அதன்பிறகு சாயங்காலமானால் பட்டறையில் போய் உட்கார்ந்துவிடுவேன். அடுத்தவர்கள் அடிவாங்குவதைப் பார்ப்பதில் ஒரு ஆறுதல். தியாகதுருகத்து நிலக்காரர் ஒருவர் பட்டுத்துணியில் சுற்றி ஒன்று கொண்டுவந்தார்.

"வைரம்ப்பா. கரும்புக் கொல்லையில கெடச்சுது. கண்ணாடியவே கீறுது, பாத்துட்டேன்."

நக்கினார். பட்டைகளை எண்ணினார். "படிகக் கல்லுங்க. இதுவும் கீறும். எந்தக் கண்ணாடில பாத்தீங்க?"

நிலக்காரர் குரல் இறங்கியது. "மச்சானோட புதுக் காரு."

"அவருக்குத் தெரியுமாங்க?"

"வைரம்னு சொல்லிக்கலாம்னு இருந்தேன்..."

யார் கெஞ்சினாலும் இன்ஜினியர் பொய் சொல்ல மாட்டார். "கல்லு இன்னாவோ அதத்தான் சொல்வேன்."

ஒருநாள் ரிஷிவந்தியம் பக்கத்திலிருந்து, களை வெட்டுகிற அம்மா ஒருவர் வந்தார். மடியில் தேங்காய் அளவுக்குக் கறுப்பாக ஒரு கல்.

"வானத்துலருந்து வுழுந்துச்சுங்க. எங்க வூட்டுக்காரரு கண்ணால பாத்தாரு. ஊரே சிரிச்சுது. அவரு போய்ச் சேந்து ஒரு மாசம் ஆவுது. நெசமான்னு நீங்கதான் சொல்லணும்."

இன்ஜினியர் நக்கிவிட்டு, விண்கல்லில் இரும்பு இருக்குமே என்று காந்தம் வைத்தார், ஒட்டியது. அந்த அம்மாவின் முகம் மலர்ந்தது. நான் குனிந்து பார்த்தேன். கல் முழுக்கக் குமிழ் குமிழாக ஓட்டை. விண்கல் அப்படி இருக்காது என்று இன்ஜினியரே எனக்குப் பத்துமுறை சொல்லியிருக்கிறார். இது ஏதோ உலையில் இரும்பு உருக்கிக் கொட்டிய கசடு.

பட்டென்று சொல்லிவிடுகிறவர், அன்று கல்லை இரண்டு கையிலும் ஏந்தித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உங்க வூட்டுக்காரரு பொய் பேசுறவரா?"

"ஐயோ, இல்லீங்க."

"அப்புறம் இன்னா? அவரு பாத்தவரு. நான் பாக்காதவன்."

அந்த அம்மா அழுதுகொண்டே சிரித்தார். கல்லை இன்ஜினியரே தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை நடந்தார். நானும் பின்னால் போனேன். பஸ்ஸில் ஏற்றிவிட்டு, கண்டக்டரைப் பார்த்துக் கத்தினார்:

"கால் படாம வைப்பா! எம்மாந் தூரத்துலருந்து வந்திருக்குது தெரியுமா?"

திரும்பும்போது கிண்டல் பண்ண வாயெடுத்தேன். முகத்தைப் பார்த்ததும் விட்டுவிட்டேன். அன்று அந்த மனிதரோடு தெருவில் நடந்துவருவதே எனக்குப் பெருமையாக இருந்தது.